கண் படாத பிள்ளையும் கணக்குக் கேட்க வந்தவனும்

பிள்ளை பிறந்தது நிஜம்தானா என்று பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்பதுதான் என் பிழைப்பு.

முன்பெல்லாம் வெளிநாட்டு உதவிப் பணம் முதலில் வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பிறகு நடக்கும். இப்போது தலைகீழ். இத்தனை பிரசவம் பார்த்தோம், இத்தனை தடுப்பூசி போட்டோம் என்று காட்டினால்தான் பணம். காட்டியது உண்மையா என்று பார்த்துவர என்னைப் போல் ஓர் ஆளைப் பைக்கில் அனுப்புவார்கள். மீட்டர் பார்ப்பவர்களே, குடிக்கணக்கு எடுப்பவர்களே, வாசலில் நின்று கேள்வி கேட்டே காலம் தள்ளும் சகல ஜீவன்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். நமக்கு முதலில் நாய் வரும், வீட்டுக்காரர் அப்புறம்தான் வருவார்.

வெறும் வயிறு

முக்கூடல் பக்கம் ஒரு சுகாதார நிலையம். அங்கே பிரசவம் பார்ப்பவர் எஸ்தர் என்கிற நர்ஸ். பாளையங்கோட்டைக்காரர், வாய் ஓயாது. கரண்டு போனால் பிரசவ அறை கும்மிருட்டு என்பது அவருடைய தீராத கவலை. இந்த முறை என் சோதனையில் தேறினால் வருகிற பணத்தில் ஓர் இன்வெர்ட்டர் வாங்கிவிடலாம். பட்டியலில் ஒரு பிரசவம் பொய் என்று ஆனாலும் இன்வெர்ட்டர் போச்சு.

நான் போன அன்று பினாயில் வாசனை ரோடு வரை வந்து வரவேற்றது. மாப்பிள்ளை வீட்டாருக்கு வைப்பதுபோல் தட்டில் ஆமவடை, பக்கத்தில் காப்பி. சோதிக்கப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. திருநெல்வேலிச் சீமையில் காப்பியை வேண்டாம் என்று சொல்வதைவிடக் கன்னத்தில் அறைந்துவிடலாம். எஸ்தர் முகம் வாடிவிட்டது. ஒரே ஒரு வாய் குடிக்கும்படி கெஞ்சினார். குடித்தால் உங்கள் மார்க்குக்குத்தான் கேடு என்று சொன்னேன். தட்டு வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனது.

"அப்பம் வெறும் வயித்தோடயே இருங்க சார், ஒண்ணும் ஆவாது."

எனக்கு எஸ்தரை அப்போதே பிடித்துவிட்டது. பிடிக்கக் கூடாது என்பதும் விதிதான்.

ஆளில்லாத விலாசம்

நர்ஸ் கூட வரக் கூடாது. பட்டியலை எடுத்துக்கொண்டு நான் மட்டும் வீடு தேடிப் போனேன். முதல் வீட்டில் பூட்டு. இப்படியொரு பெண் இருக்கிறாளா, அவளுக்குப் பிள்ளை பிறந்ததா என்று பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். பெண் உண்டு, பிள்ளையும் உண்டு, ஆனால் இரண்டும் இங்கே இல்லை என்றார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவாள், பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்ததும் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாள். நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, விதிமுறை எழுதியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. பதிந்த விலாசத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இங்கேதானே இருக்க வேண்டும் என்று நானும் விடாமல் கேட்டேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாத்தான்குளத்துல கெட்டிக் குடுத்த பிள்ளை இங்கன என்னத்துக்கு வே இருக்கு?"

நியாயம்தான். மறுநாள் சாத்தான்குளத்துக்கே போய்ப் பார்த்தேன். பிள்ளை என் மீசையைப் பிடித்து இழுத்து, தான் நிஜம் என்று நிரூபித்தது.

கொடியில் தொங்கியவை

கடைசிப் பெயருக்கு உரிய வீட்டில் பிள்ளை பெற்றவளின் அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "இங்கன பிள்ளை பிறந்திருக்காமே?" என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. பிள்ளையா, இந்த வீட்டிலா, இல்லவே இல்லை என்றார். எனக்கு விஷயம் புரிந்தது. பேர்கூட வைக்காத பச்சைப் பிள்ளை. முன்பின் தெரியாத ஆம்பிளை கையில் பேனாவோடு வந்து கேட்டால் எந்த வீட்டில் காட்டுவார்கள்? கண் பட்டுவிடாதா?

ஆனால் வீட்டார் இல்லை என்று சொன்னால் இல்லை என்றுதான் நான் எழுத வேண்டும். எழுதினால் எஸ்தருக்கு இருட்டுதான். அந்த அம்மா முதுகுக்குப் பின்னால் கொடி நிறையக் கைக்குட்டை அகலத்தில் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவை யாருடையவை என்று பைய விசாரித்தேன்.

"அதா? எங்க வீட்டுக்காரர் தலை துவட்டுத துண்டு."

குறை ஒன்று உண்டு

தாளில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. சுகாதார நிலையத்தைப் பற்றி ஏதாவது குறை உண்டா? பேனாவை மூடப் போகும்போது கடமைக்குத்தான் கேட்டேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"குறையா? நல்லா கேட்டிய! எம் மவ வலியில துடிக்கா, அந்நேரம் பாத்து கரண்டு போச்சு. பாவம், அந்த நர்சு செல்போன் லைட்டை வாயில கவ்விக்கிட்டுல்லா பிள்ளைய எடுத்தா!"

"எந்தப் பிள்ளையை?" என்றேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அதே சமயம் உள்ளே தொட்டிலில் இருந்து வீரிட்டு ஓர் அழுகை. இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். கன்னத்தில் பெரிய கரும்பொட்டு, என்னைப் பார்த்து ஒரு கொட்டாவி. பிரசவம் உண்மை, கரண்டு இல்லாததும் உண்மை என்று இரண்டையும் எழுதினேன். எழுதும்போது மனசு லேசாகிவிட்டது. கிளம்பப் போனவனை அந்த அம்மா விடவில்லை.

"பாத்துட்டியள்லா, தூ தூன்னு துப்பிட்டுப் போங்க."

துப்பினேன். அதற்கு எந்த விதியும் இல்லை.

எஸ்தரின் இன்வெர்ட்டர்

அடுத்த முறை போனபோது, சென்ற தவணைப் பணத்தில் வாங்கிய பொருளைப் பார்ப்பதும் என் வேலையாக இருந்தது. இன்வெர்ட்டர் எங்கே என்று கேட்டேன். எஸ்தர் பிரசவ அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். இன்வெர்ட்டரா, அப்படி எதுவும் இங்கே இல்லையே என்றார். எனக்குப் பகீர் என்றது. அந்த அம்மா வாசலில் நான் பட்ட பாடு இவர் காதுக்கும் எட்டியிருந்தது போல, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு கதவைத் திறந்துவிட்டார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, மூலையில் புது இன்வெர்ட்டர், அதன் நெற்றியில் கண்மையால் பெரிய கரும்பொட்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீங்களா இதை வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"செபமும் பண்ணியாச்சு சார். ஆனா பக்கத்து ஆஸ்பத்திரி நர்சுமாரு வந்து வந்து பாத்துட்டுப் பெருமூச்சு விடுதாளுவ, நான் என்ன செய்ய?"

இருப்பதை எல்லாம் இல்லை என்று சாதிக்கிற எங்கள் ஊரில் உண்மையைச் சரிபார்க்க நான் கண்ட ஒரே வழி, கணக்கைக் கேட்காமல் குறையைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பதுதான்.