தாழ்ந்த கூரைக்குப் பெரிய விளக்கு

முதுகுவலியால் கம்பெனி வேலையை விட்ட நான், மத்திகிரி வாடகை வீட்டின் உள்ளறையில் குடைமிளகாய் நாற்று விட்டேன். அங்கே வெயில் எட்டாது. அதனால் செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்கில் பெரியதாக வாங்கினேன். கூரை தாழ்வானதால் அது நாற்றுக்கு ஒரு சாண் மேலேதான் தொங்கியது. நான்கே நாளில் இலைகள் வெளுத்துச் சுருண்டன. தண்ணீர் போதவில்லையென்று ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

தளியிலுள்ள செடி நர்சரிக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு மஞ்சுளா, விளக்கின் கீழே கையை நீட்டிப் பார்த்தாள்.

"தண்ணி இல்லாம வாடலக்கா, வெளிச்சந்தான் சுடுது. இது ஒசரமான கொட்டாய்க்குப் போடற லைட்டு. கவலப்படாதீங்க, நானும் மொதல்ல இப்பிடிக் கருக்கினவதான்" என்றபடி ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினாள்.

குறைந்த வாட் பட்டை விளக்குகளைப் பரவலாக மாட்டினோம். பாதி நாற்று பிழைத்தது. இப்போதெல்லாம் செடி நுனிக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்த பிறகே விளக்கு வாங்கக் கடைக்குப் போகிறேன்.