நோனாவின் தொப்பிக் குருவி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறை யன்னலோரம் அம்மாவின் தையல் மெசின் இருந்தது. அப்பாவின் ரயில்வே சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரி. மிச்சமெல்லாம் அந்த மெசினில்தான் ஓடியது. கிறிஸ்து பிறந்த நத்தார் நெருங்கினால் வெள்ளைக்கார வழிவந்த பறங்கிப் பெண்களான நோனாமாரின் சட்டைத்துணிகள் வந்து குவியும். அவர்களையெல்லாம் கூட்டி வந்தவர் ஒரே ஒரு நோனா. அவர் முகம் கோணினால் எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு நத்தாருக்கு முன் அந்த நோனா தன் தாயின் பழைய தொப்பியைக் கொண்டுவந்தார். ரிப்பன் மாற்ற வேண்டும். தொப்பி ஓரத்தில் பஞ்சடைத்த குருவியொன்று, பெருவிரலளவு. ஹம்மிங் பேர்ட், தென்னமெரிக்காக் குருவி என்றார். அது பூவில் உட்காராதாம். அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்குமாம், பின்பக்கமாகவும் பறக்குமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அதன் கழுத்து கரியாய்க் கிடந்தது. அம்மா தொப்பியை வெளிச்சத்துக்குத் திருப்பியதும் தணலாகிவிட்டது. அப்படியொரு நிறத்தைப் பிறகு நான் கண்டதேயில்லை.

நோனா போனபின் அம்மா பழைய நூலை வெட்டியதுதான் தாமதம், குருவியின் தலை கழன்று விழுந்தது. தொட்ட இறகெல்லாம் தூளாய் உதிர்ந்தது. அம்மா குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார்.

எங்களோடு இருந்த சின்னம்மா எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். முற்றத்துச் செவ்வரத்தைப் பூச்செடியில் கிளையைப் பற்றியபடி தேன் குடித்துக்கொண்டிருந்த தேன்சிட்டைக் காட்டினார்.

"உந்தக் குருவியைச் சுட்டு வைச்சுத் தைச்சா ஆருக்கக்கா தெரியப்போகுது? மேல்வீட்டுக்காரரிட்டைத் துவக்கு இருக்கு."

"வேண்டாம். ஒரு தொப்பிக்கு ஒண்டு செத்ததே போதும்," என்றார் அம்மா.

நோனா வந்தபோது, அம்மா உதிர்ந்ததையெல்லாம் ஒரு கைலேஞ்சியில் முடிந்து அவர் கையில் கொடுத்தார். அவிழ்த்துப் பார்த்த நோனாவின் முகம் கோணியது. தொப்பியோடு ரிக்‌ஷாவில் ஏறிப் போனார். அந்த நத்தாருக்கு ஒரு துணியும் வரவில்லை. பொங்கலுக்கு எனக்குப் புதுச்சட்டை இல்லை. சின்னம்மா நாளும் பொழுதும் சொல்லிக் காட்டினார். எனக்கும் அம்மாமேல் கோபம்தான், பொய் சொல்லக்கூடாது.

பொங்கல் கழிந்த ஒரு காலை அம்மா என் பழைய சட்டையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தைத்துக்கொண்டிருந்தார். தேன்சிட்டு வந்தது. அன்று மெல்லிய நுனிக்கிளையில் ஒரே ஒரு பூ, நிற்க இடமில்லை. அது படபடவென்று சிறகடித்து, அந்தரத்திலேயே நின்று அலகை உள்ளே விட்டது. கண்ணிமைக்கும் நேரம்தான். அம்மா மெசின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார். வாரக்கணக்கில் காணாத சிரிப்பு அவர் முகத்தில்.

"பாத்தியா பிள்ளை, இவருக்கும் அப்பிடி நிக்க ஏலும்," என்றார்.