உப்பை மறந்தவன் நான்

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கெமிஸ்ட்டாக இருந்தேன். பி.எஸ்சி. படித்தவன் என்பதால் சர்ச்சில் முன் பெஞ்சு எனக்கு.

டிரம்மில் சுற்றும் தோலுக்கு முதலில் உப்புக் கரைசல், அப்புறம்தான் ஆசிட். உப்பில்லாமல் ஆசிட் பட்டால் தோல் ஊதிக் கெட்டுப்போகும். ஒரு நாள் டிரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “சார், உப்பு இன்னும் வுடலியே” என்றார். பக்கத்து டிரம்முக்கு விட்டதை மனதில் வைத்துக்கொண்டு, “அதெல்லாம் வுட்டாச்சு, நீ ஆசிட்ட வுடுய்யா” என்றேன். மத்தியானத்துக்குள் அவ்வளவு தோலும் பாழ்.

முதலாளி கேட்டபோது, டிரம்காரர்தான் உப்பை மறந்தார், குடித்திருப்பார் என்றேன். அவர் எப்போதாவது குடிப்பவர். அதனால் என் பொய் நின்றது. அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் சபையில் நற்கருணை அப்பம் எடுக்கிறவர்கள் முந்தின நாள் மாலை போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். பெயரை எழுதும் முன், யாருக்காவது உங்கள் மேல் மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார். ஆறு வருஷம், மாதாமாதம், இல்லை என்றேன்.

பிறகு ஒரு நாள் டேனரிக்கு உப்பு லாரி வந்தது. மூட்டை இறக்கியவர், என்னால் வேலை போன அந்த டிரம்காரர். கேட்டில் நின்ற ஒருவன், “இன்னா, இன்னிக்காவது உப்ப மறக்காம கொண்டாந்தியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை போதகரிடம், உண்டு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார்.

“அவரப் போய் பாத்துட்டு வந்தப்புறம் எழுதுங்க ஐயா” என்றேன்.

“எழுதிட்டேன். ஆண்டவர் உங்கள மன்னிச்சிட்டார். இப்ப போங்க.”

சரிசெய்த பிறகுதான் மன்னிப்பு என்று நான் நினைத்திருந்தேன். அது முன்னாலேயே வந்து நின்றது. இனி போகாமலிருக்க எனக்குக் காரணம் இல்லை. டிரம்காரர் குடியிருந்த மாதனூருக்குச் சைக்கிளை மிதித்தேன்.

நான் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார்: “எனக்குத் தெரியாததா சார்? எம் பொஞ்சாதிகிட்ட சொல்லுங்க. ஆறு வருஷமா சத்தியம் பண்றேன், நம்ப மாட்டேங்கறா.”

மீன் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். வெகுநேரம் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? கேட்டுல சிரிக்கறானுங்களே, அவனுங்களுக்கு யாரு சொல்றது?”

“நான் சொல்றேம்மா.”

மறுநாள் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, என் முறை வந்தபோது போய் நற்கருணைக்கு முழங்காலிட்டேன். அடுத்த உப்பு லாரி வந்த அன்று முதலாளியையும் டிரம் ஆட்களையும் கேட்டுக்கு அழைத்து, “உப்பை மறந்தது இவர் இல்லை. நான். அன்று இவர் குடிக்கவும் இல்லை” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி கையை நீட்டினார். லேப் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன்.

“சார்,” முதுகில் மூட்டையோடு அவர் கூப்பிட்டார். “சைக்கிள மறந்துட்டுப் போறீங்க.”

அப்போது சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.