அம்மா கூப்பிடாத பேர்

ஈர விறகுப் புகை தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரையை விட்டு நகராமல் கிடக்கும் சாயங்காலம். கண் எரியும். அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும்.

"ஏய் வீரமலை…! ஒங்கம்மா கூப்புடுதுடா…!"

கத்துவது பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராக்கு பெரியம்மா. அம்மா அவருக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பார். வாய் திறக்க மாட்டார். "அக்கா, அவன கொஞ்சம் கூப்புடுங்க" என்று பெரியம்மாவின் வாயை இரவல் வாங்கித்தான் என்னைக் கூப்பிடுவார்… தினமும்.

வீரமலை என் தாத்தாவின் பேர். அப்பாவின் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தான், அதில் மறு பேச்சே கிடையாது. ஆனால் மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே! அம்மாவுக்கு மட்டும் நான் "ஐயா". கோபம் வந்தால் "ஓய் பெரியவரே".

மணப்பாறைப் பக்கம் வீரமலை என்றே ஒரு மலை இருக்கிறதாம். அங்கிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு வந்த பூட்டன், ஊர் ஞாபகமாக மகனுக்கு அந்தப் பேரை வைத்தாராம். தாத்தாவும் அந்த மலையைப் பார்த்ததில்லை, நானும் இதுவரை பார்த்ததில்லை. சின்ன வயதில் கினிகத்தேனையைத் தாண்டினாலே எங்களுக்கு வெளியூர்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இடத்தை 'மலை' என்றுதான் சொல்வோம். லயத்துப் பெண்கள் எல்லோரும் "மலைக்குப் போறேன்" என்பார்கள். அம்மா மட்டும் "கொழுந்துக்குப் போறேன்" என்பார். பேரில் பாதிகூட வாயில் வந்துவிடக் கூடாதாம்! "நாசமாப் போற வீரமலை" என்று பெரியம்மா என்னைத் திட்டினால், அம்மா பதறிப்போய்த் தாத்தாவை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஒரு தடவை ஹட்டனில் தேர் பார்க்கப் போய் நான் கூட்டத்தில் தொலைந்துவிட்டேன். அம்மா அழுதுகொண்டே மைக் செட்டுக்காரரிடம் ஓடியிருக்கிறார்.

"பையன் பேரு என்னம்மா?"

"எங்க மாமனாரு பேருதாங்க."

"சரி, மாமனாரு பேரு என்ன?"

"அத எப்புடிங்க நான் சொல்றது…"

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் அலறியது. "நீலச் சட்டை போட்ட, மாமனார் பேர் வைத்த பையன் எங்கிருந்தாலும் உடனே வரவும்!"

விளையாட்டுச் சாமான் கடை முன்னால் நின்றிருந்த நானும் கேட்டேன். எவனோ ஒருத்தன் தொலைந்துவிட்டான் போல என்று சிரித்தேன். கடைசியில் அப்பாதான் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு "ஐயா… ஐயா…" என்று அழுதார். அப்போதாவது பேர் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது அதற்காகத்தான்.

வளர்ந்தேன். படித்தேன். நுவரெலியா டவுனில் வேலை, கல்யாணம், வாடகை வீடு. அம்மாவும் அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார்கள். எனக்கு மகன் பிறந்தபோது அப்பா தன் பேர்தான் என்று காத்திருந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புருஷன் பேரையும் அம்மா சொல்ல மாட்டாரே, பிறகு பேரனையும் எப்படிக் கூப்பிடுவார்? கவின் என்று வைத்தோம். அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பேர் வைத்த அன்று அம்மா என் மனைவி பக்கத்தில் போய், மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பேர நான் கூப்புடலாம்ல, கண்ணு?"

"தாராளமா கூப்புடுங்க அத்தை!"

அன்றிலிருந்து வீடு முழுக்க கவின்தான். "கவினு… கவினு… ஏய் கவினு…" பிள்ளை பக்கத்திலேயே படுத்திருக்கும், எதற்கென்றே இல்லாமல் கூப்பிடுவார். அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது… பெற்ற பிள்ளை மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

ஒரு நாள் அம்மா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டே விட்டேன்.

"அம்மா, தாத்தா செத்து எத்தனையோ வருஷமாச்சு. ஒரே ஒரு தடவ என்னைய பேர் சொல்லிக் கூப்புடேன்."

அம்மா சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். உதடு அசைந்தது… சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். கண் கலங்கிவிட்டது.

"வாய் வர மாட்டேங்குதுய்யா… மனசுக்குள்ள தெனமும் கூப்புட்டுக்கிட்டுதான இருக்கேன்."

போன மழைக்காலத்தில் அம்மா போய்விட்டார்.

இன்றைக்கு ஆபீஸில், பேங்கில், போனில், முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை வாய் நிறைய 'வீரமலை' என்கிறார்கள். அம்மா வாயால் இதைக் கேட்கத்தானே அன்றைக்கு ஏங்கினேன்… யார் கூப்பிட்டாலும் இப்போது ஒரு நொடி நின்றுதான் திரும்புகிறேன். அம்மாவின் குரலில் அந்தப் பேர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு முயன்றாலும் எனக்குக் கேட்பதில்லை.