கூரைச் சீட்டின் மேல் அன்வர் பாய்

"நாகராஜு! சீட்டு விரிசல் விடுற சத்தம் கேக்குதுடா!"

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் ஃபேக்டரி. ஃபினிஷிங் ஷெட் கூரையிலிருந்து மேனேஜர் அன்வர் பாய் இப்படி அலறியபோது நான் கீழே ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் நான். நியாயமாகக் கூரைமேல் இருக்க வேண்டியவன் நான்தான்.

முந்தின வருஷம் என் மச்சான் சேகர் வேறொரு ஷெட்டின் கூரையிலிருந்து விழுந்து செத்துப்போனான். பதினாறு வருஷம் என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவன். சிமெண்ட் சீட் கூரையில் போல்ட் வரிசை மேல்தான் நடக்க வேண்டும். அதற்கு அடியில்தான் தாங்குகிற இரும்புச் சட்டம் இருக்கும். வெளிச்சத்துக்காக ஐந்துக்கு ஒன்று ஃபைபர் சீட் போட்டிருப்பார்கள். அது ஆளைத் தாங்காது. தோல் தேய்க்கிற பஃபிங் மெஷினின் தூசு படிந்துவிட்டால் எது சிமெண்ட், எது ஃபைபர் என்றே தெரியாது. சேகர் எனக்கு இரண்டடி பின்னால் வந்தான். திரும்பிப் பார்த்தேன், ஓட்டைதான் இருந்தது.

அதன்பிறகு மூன்றாம் படிக்கு மேல் எனக்குக் கால் எழும்பவில்லை. சொல்ல வெட்கம். முட்டி வலி என்று ஒரு வருஷம் ஓட்டினேன்.

அன்று மழை விட்டும் ஷெட் ஒழுகியது. இன்னொரு ஃபிட்டர் லீவு. பாய் கேட்டார்: "இன்னாப்பா, முட்டி எப்பிடி?"

"ஜாஸ்தியாதான் இருக்கு பாய்."

"குடியாத்தம் கல்யாணத்துல அந்த ஆட்டம் ஆடுனியே?"

"அதுலதான் பாய் ஜாஸ்தியாச்சு."

சிரித்துக்கொண்டே அவரே ஏறிவிட்டார். போல்ட் வரிசையைத் தவறவிட்டு நேராக ஃபைபர் மேல் கால் வைத்தார். அது விரிசல் விடவும் அசையப் பயந்து அப்படியே படுத்துக்கொண்டார். நூறு கிலோ மனிதர்.

பேக்கிங் சூப்பர்வைசர் விமலா சும்மா நிற்கவில்லை. பெண்களைக் கூட்டி, பாய்க்கு நேர் கீழே தோல் கட்டுகளை அடுக்கி மெத்தை போட ஆரம்பித்தாள். பாய் சீட்டுச் சந்து வழியாகப் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவிங்களா, அது ஏ கிரேடு! ரிஜெக்‌ஷன் கட்டப் போடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேலே மறுபடி படக்கென்று ஒரு சத்தம். சிரிப்பு நின்றது.

ஐந்துக்கு ஒன்று எங்கே வரும் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். விமலா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, கீழ பாக்காத. போ." மூன்றாம் படியில் வேர்த்தது. ஏழாம் படியில் வாந்தி வந்தது. அதையும் முழுங்கிக்கொண்டு ஏறினேன்.

கீழிருந்து நீளப் பலகை ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்கள். வயிற்றால் ஊர்ந்து, பலகையைத் தள்ளி, சீட்டுகளை வாய்விட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு. நானும் சேகரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு போவோம். கண்ணீர் தானாக வந்தது.

"ஏண்டா அழுவுற? நான் இன்னும் விழலியே!" என்றார் பாய்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். இரண்டு போல்ட் வரிசைக்கும் குறுக்கே பலகையைப் போட்டு, "மெதுவா உருளுங்க பாய்" என்றேன். உருண்டார். அவர் இடுப்பு பலகைக்கு வந்த நொடியில் சீட்டு பிய்ந்து கீழே போனது. கீழே பெண்கள் வீறிட்டார்கள். நான் அவர் பெல்ட்டைப் பிடித்திருந்தேன், விடவில்லை.

கீழே இறங்கியதும் விமலா எல்லோருக்கும் டீ சொன்னாள். விழாமல் வந்ததற்கு பாய் பிரியாணி அறிவித்தார். ஷெட்டே கல்யாண வீடானது.

நான் அவரைத் தனியே கூப்பிட்டேன். "எனக்கு முட்டி வலியே இல்ல பாய். சேகர் போனதுலேர்ந்து மேல ஏற பயம்."

"தெரியுமேடா," என்றார். "அதான் நான் ஏறுனேன்."

இன்று ஏணி எடுக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். பயமாயிருந்தால் பயமென்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், உங்கள் மேல் பிரியம் வைத்த ஒருவர் உங்களுக்குப் பதிலாக ஏறிவிடுவார்.