கூடுதல் வேக்காடு

அந்தப் பட்டறையில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் நிலைத்ததில்லை. உலையைப் பார்த்துக்கொள்கிறவள் உலையக்கா. சோதனைக்கூடத்துப் பெண் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவாள், அதனால் அவள் தராசு. உலையக்காவின் அண்ணன் அங்கே வேலையே செய்யவில்லை. அவருக்கும் ஏணி என்று ஒரு பெயர் கிடைத்திருந்தது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பட்டறையின் வெளிச்சுவருக்கு அடிக்க வந்தபோது ஏணி உச்சியில் நின்றபடியே மேலாளரைக் கூப்பிட்டு, "சார், என் தங்கச்சி டீ கப்பு சுடற கம்பெனியில உலை பாத்தவ. அவளுக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க, உங்க ரூமுக்கு சும்மாவே அடிச்சுத் தர்றேன்" என்று பேரம் பேசியவர்.

அவளைக் கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட வருடம் அது. பெட்டியோடு வாசலில் வந்து நின்ற தங்கையிடம் அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாடி அறையை ஒழித்து, அவளுக்குப் பிடித்த வெளிர்பச்சை அடித்துக் கொடுத்தார். அவளும் நன்றி என்று சொன்னதில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் அதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

அதே ஏணியிலிருந்துதான் அவர் விழுந்தார். இடுப்பு மூட்டின் பந்து ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துக்கொண்டே வந்து, இப்போது நொறுங்கத் தொடங்கிவிட்டது. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவதற்குள் மனிதர் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தார். பட்டறையில் செய்வதோ இடுப்புக்குள் வைக்கும் வெள்ளைப் பீங்கான் பந்துகள். "எனக்குள்ள போறது என் தங்கச்சி சுட்டதுதான். வேற எவன் சுட்டதும் வேணாம்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். நோகும்போதுகூட வாய் மட்டும் ஓயாது.

அவருடைய அளவு அபூர்வமானது. இந்தத் தடவை உலையில் ஏற்றிய சுமையில் மட்டும்தான் அந்த அளவுப் பந்து இருந்தது. அறுவை சிகிச்சை நாளை மறுநாள். தவறவிட்டால் டாக்டர் வெளிநாடு போய்த் திரும்பிவர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் எலும்பு இன்னும் தேய்ந்து கால் குட்டையாகிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது உலையக்கா செய்த காரியத்தைக் கேளுங்கள். அலுமினா என்கிற பீங்கான் மாவோடு, விரிசலைத் தடுக்கக் கொஞ்சம் சிர்கோனியா என்கிற இன்னொரு மாவைக் கலந்து அச்சில் அழுத்தினால், சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒரு பந்து வரும். நகம் பட்டாலே கோடு விழும். உலையில் ஏற்றி, உச்சச் சூட்டில் நிறுத்திவைத்தால் மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியெல்லாம் அடைந்து, பந்து சுருங்கி, அரம் போட்டாலும் இறங்காத கல்லாகிவிடும். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதைத் தராசு வகுத்து வைத்திருந்தாள். உலையக்கா அதை மீறியதே இல்லை. அன்று மட்டும், அண்ணனுடைய பந்து உள்ளே தகதகவென்று இருக்கும்போது, மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகட்டுமே, இன்னும் கெட்டியாகட்டுமே என்று நேரத்தைக் கூட்டிவிட்டாள். பிள்ளைக்குச் சோற்றில் ஒரு கரண்டி நெய் அதிகமாக விடுகிற அதே புத்திதான்.

பந்துகள் வெளியே வந்தபோது பளபளவென்று அழகாகவே இருந்தன. தராசிடம் அவளே போய்ச் சொன்னாள். "கொஞ்சம் கூட வச்சேன். பாரு, எப்படி வந்திருக்குன்னு!"

தராசின் முகம் வெளுத்துப்போனது. "எவ்வளவு கூட?"

உலையக்கா சொன்னாள்.

தராசு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க முன்னாடி சுட்ட கப்புக்கு அது சரி. இதுக்கு ஆகாது. உள்ள சிர்கோனியா மணிங்க இருக்கே, அந்த மாவோட துகளுங்க, அது ராத்திரி காவலுக்குப் படுத்திருக்கிற நாய் மாதிரி. சின்னதா, சுருண்டு கிடக்கணும். விரிசல் கிட்ட வந்தாதான் எழுந்து, உடம்பைப் பெருக்கி, அதோட வாயை அமுக்கி மூடும். அதிகமா வேக வச்சா மணி கொழுத்துப் போயிடும். திருடன் வராமலே எழுந்துக்கும். அப்புறம் நிஜமா விரிசல் வர்றப்ப எழ ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"எழுந்துருச்சா?"

"தெரியாது. பார்க்கணும்."

முதலில் அழுத்தச் சோதனை. ஒவ்வொரு பந்தையும் இயந்திரத்தில் வைத்து, ஒரு மனிதன் குதித்தால்கூட வராத பாரத்தை ஏற்றினார்கள். உலையக்கா கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தடவை முள் ஏறும்போதும் காதைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. அண்ணனுடைய பந்து அசையக்கூட இல்லை. மேலாளர் எட்டிப் பார்த்து, "அதான் தாங்குதே, பேக் பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உலையக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தராசு மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீராவி பாக்கி இருக்கு."

"அதான் தாங்குச்சே!"

"உலர்ந்து இருக்கறப்ப தாங்குச்சு. உடம்புக்குள்ள ஈரம், சூடு ரெண்டும் இருக்கு. கொழுத்த மணியை எழுப்பறது அதுதான்."

"எப்பவும் நீராவிக்கு வைக்கிறோமா என்ன? எப்பவோ ஒருதரம்தானே?"

"எப்பவும் நீங்க நேரத்தைக் கூட்டறதில்லையே அக்கா."

உலையக்கா அவள் கையைப் பிடித்தாள். "இந்த ஒருதரம் விட்டுடேன். உனக்குக் கோடிப் புண்ணியம். அவர் படற பாட்டை நீ பார்த்ததில்ல. கதவை மூடிக்கிட்டு அழறார்டி, எனக்குக் கேக்கக்கூடாதுன்னு."

தராசு கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "உங்க அண்ணனுக்கு நானே தூக்கிக் குடுக்கணும்னு சொல்றீங்க. சரி. நீராவியில வச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, குடுத்துடறேன்."

அதே சுமையில் சோதனைக்கென்று சேர்த்து வேகவைத்திருந்த சிறு துண்டுகளை நீராவிக் கலத்தில் வைத்து மூடினார்கள். பிரஷர் குக்கரின் பெரியண்ணன் போல இருக்கும் அது. உலையக்கா அதன் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். போன் இடையிடையே அதிர்ந்தது. அண்ணிதான். 'பந்து ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கார்.' இவள் எடுக்கவில்லை. அந்தக் கலத்துக்குள் வெந்துகொண்டிருந்தது தன் நெஞ்சுதான் என்று அவளுக்குத் தோன்றியது. சூடு எத்தனையோ பார்த்தவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அடுப்பைப் பார்த்துப் பயந்தாள்.

கலம் திறந்தது. தராசு துண்டுகளை எக்ஸ்ரே கருவியில் வைத்தாள். திரையில் ஒரு கோடு ஓடியது. எழுந்துவிட்ட மணிகள் எவ்வளவு என்பதைக் காட்டும் மேடு அதில் ஓரமாக இருக்கும். நல்ல சரக்கில் அது இருப்பதே தெரியாது. இப்போது அது ஒட்டகத் திமில் போல நின்றது. தராசு திரையை உலையக்காவின் பக்கம் திருப்பினாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் பிறகு.

உலையக்கா அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வந்தது, நாக்கு வரவில்லை. "சுத்தியலை எடு" என்றாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழித்த பந்தைச் சுட்டவர்தான் உடைக்க வேண்டும். தப்பித் தவறிக்கூட அது யார் உடம்புக்குள்ளும் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்தச் சுமை முழுவதையும் ஒவ்வொன்றாகக் கெட்டித் துணிப்பைக்குள் போட்டு, இரும்புப் பட்டடை மேல் வைத்து அடித்தாள். அண்ணனுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

அடித்தாள். சுத்தியல் எகிறியது. பந்து உடையவில்லை. மறுபடியும் ஓங்கி அடித்தாள். கை மரத்துப்போனது, பந்து அப்படியே இருந்தது.

"பாரு!" என்று கத்தினாள். கண்ணீர் பாதுகாப்புக் கண்ணாடிக்குள் தேங்கி எதுவும் தெரியவில்லை. "உடைய மாட்டேங்குது பாரு! இதைப் போயி கெட்டதுன்னு சொல்றியே!"

"இன்னிக்கு உடையாது அக்கா. எனக்கும் தெரியும்." தராசு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அவர் நடக்க ஆரம்பிச்சு, எல்லாம் மறந்துபோய், திரும்ப ஏணியில ஏறுவாரு பாருங்க. அன்னிக்கு உடையும்."

உலையக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு கையாலும் சுத்தியலைப் பிடித்தாள். எத்தனை அடி என்று அவளுக்கே தெரியாது. பைக்குள் கரகரவென்று சத்தம் கேட்கும்வரை அடித்தாள்.

பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அனுப்பிட்டியா?" எடுத்ததும் அதுதான்.

"இல்லண்ணே. உன்னுதை நானே கெடுத்துட்டேன். நல்லா இருக்கட்டும்னு அதிகமா வேக வச்சுட்டேன். இப்பதான் உடைச்சேன்."

அந்தப் பக்கம் வெடித்தது. "அறிவிருக்காடி உனக்கு? இத்தனை வருஷமா உலை பாக்கறியே, வேக வைக்கத் தெரியாதா? மாசக்கணக்கா எப்படிடி கிடப்பேன் நான்?" போன் கட்டானது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழக்கூடத் தோன்றவில்லை. மாலை ஷிப்டுக்கு ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு படி ஏறிப் போனார்கள். வெளிச்சுவரில் அண்ணன் அடித்த மஞ்சள் இன்னும் வெளுக்காமல் இருந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. மூச்சு வாங்கும் சத்தம் முதலில் கேட்டது. படுக்கையில் புரண்டிருக்கிறார், வலி.

"ஏய்."

"சொல்லுண்ணே."

"அந்த உலையில என்னுது மட்டுமா இருந்துச்சு?"

"இல்ல. நிறைய இருந்துச்சு."

"எல்லாத்தையும் உடைச்சிட்டியா? ஒண்ணுகூட எவனுக்கும் போயிடலையே?"

"இல்லண்ணே. எல்லாத்தையும் உடைச்சுட்டேன்."

"ம்." கட்டில் கிரீச்சிட்டது. "சரி, எந்திரி. அடுத்த உலையை ஏத்து. நான் கிடக்கறேன்."