இடம் விடுதல்

இப்போதெல்லாம் கோப்பைச் சேமிக்கும் விசையைத் தட்டினால் போதும். நிரல் வரிகள் தாங்களாகவே ஒருமுறை துள்ளி, தத்தம் இடத்தில் போய் நின்றுகொள்கின்றன, மணி அடித்ததும் வரிசையாகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. எந்த வரி உள்ளே தள்ளி நிற்க வேண்டும், எது ஓரத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் யாரோடும் மல்லுக்கட்டுவதில்லை. ஒரு சின்னச் செயலி பார்த்துக்கொள்கிறது. இன்று காலை மன்னார் உப்புக்குளத்து வீட்டில் இருந்து வேலை செய்தபோதும் அப்படித்தான் துள்ளின. தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஜன்னலைத் தள்ளிவிட்டு, மேசை மேலே மெல்லிய மணலை விரித்துப் போயிருந்தது. அதை உள்ளங்கையால் வழித்தபோது எனக்கு முகம் சுட்டது. மணலுக்குக் கை சுடலாம், முகமும் சுடுமா என்று கேட்பீர்கள். சுடும்.

மணல் என்றால் எனக்கு அந்த மேல்மாடி அறைதான். யுத்தம் முடிந்து சில வருஷம். பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, நைலோன் கயிறும் பெயின்ற்றும் கலந்து மணக்கும் அறை. படிக்கட்டு நிழலில் எந்நேரமும் ஒரு கழுதை நிற்கும். அதை விலத்தித்தான் மேலே ஏற வேண்டும். நாங்கள் மூன்று பேர். வேலை பிடித்துக்கொண்டு வருகிற ஸ்டெலா அக்கா, கீரிக் கிராமத்தில் இருந்து சைக்கிளில் வருகிற யூட், நான். மூன்று மேசை, மூன்று பழைய கணினி, ஒரேயொரு மின்விசிறி. அந்த மின்விசிறி யாருடைய பக்கம் திரும்புகிறதோ அவர்தான் அன்றைக்கு எஞ்சினியர்.

படகுகளுக்கு ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தோம். கடலுக்குப் போன படகு சொன்ன நேரத்துக்குக் கரை சேராவிட்டால், வீட்டுக்காரரின் கைபேசிக்கு ஒரு செய்தி போகும். அவ்வளவுதான். ஆனால் நாங்கள் மூவரும் கடலையே வாங்கிவிட்டவர்கள் மாதிரி நடந்துகொண்டோம்.

எழுதிய கணினி மொழியில் ஒரு விசேஷம் உண்டு. அதில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதுதான் அதன் பொருளே. ‘படகு வரவில்லையென்றால்’ என்ற வரிக்குக் கீழே தள்ளி நிற்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்படும். தள்ளாமல் நின்றால் வந்த படகு, வராத படகு எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும். தள்ளுவதற்கு இரண்டு வழி. டாப் விசையை ஒரு தரம் தட்டலாம், அல்லது நீளக்கட்டையைப் பலதரம் தட்டி வெறும் இடம் விடலாம். உலகத்திலுள்ள நிரலாளர்கள் இதற்காக அடிபட்டதுபோல் மதங்களுக்காகக்கூட அடிபட்டிருக்க மாட்டார்கள் என்று எழுத வந்தேன். மன்னாரில் இருந்துகொண்டு அப்படி எழுதக் கூடாது. அழித்துவிடுகிறேன்.

யூட் டாப் கட்சி. நான் இடம் கட்சி. ஸ்பேஸுக்கு எங்கள் அறையில் ‘இடம்’ என்றுதான் பெயர்.

“ஒரு தட்டில போறதுக்கு ஏன் மச்சான் இத்தினை தட்டு? றபான் அடிக்கிறியா?” என்பான் யூட், எங்கள் பக்கீர்மார் தட்டும் கைப்பறையைச் சொல்லி.

“உன்ர டாப் மெஷினுக்கு மெஷின் ஒவ்வொரு அகலம். உங்கட ஆக்கள் வலைக்கண்ணையும் இப்பிடித்தான் நினைச்ச அளவில பின்னுவினமோ?”

“வலையைப் பற்றி நீ கதைக்காதை. புத்தளத்தில உப்பு அள்ளின வாய்.”

“அந்த உப்பு இல்லாட்டி உன்ர கருவாடு நாறிப்போகும்டா.”

ஸ்டெலா அக்கா கதிரையைத் திருப்பாமலே சொல்லுவா: “ரெண்டு பேரும் கீழ போய்க் கழுதைக்குச் சொல்லுங்கோ. அது கேட்கும்.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கொள்கை கொள்கையே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோளகம் அள்ளி வந்த மணல் என் விசைப்பலகைக்குள் புகுந்து, டாப் விசை அமுக்கினால் எழும்பாமல் கிடந்தது. வேறு பலகை கேட்கக் கூச்சம். நீளக்கட்டையைத் தட்டித் தட்டிப் பழகினேன். பிறகு அதற்கான நியாயங்களை இணையத்தில் தேடிப் பொறுக்கிப் பாடமாக்கினேன். ஒரு பொட்டு மணலுக்கு நான் ஊற்றிய தத்துவத்தை நினைத்தால் சிரிப்பு வரும். அதோடு நின்றிருந்தால் சிரிப்பு மட்டும் வந்திருக்கும்.

செயலியைச் சோதித்த நாள். சோதனைக்கென்று எங்கள் வீட்டு இலக்கங்களைத்தான் கொடுத்திருந்தோம். ஓடவிட்டுக் கொஞ்ச நேரத்தில் யூட்டின் கைபேசி அடித்தது. அவனுடைய அம்மா, அப்பாவின் படகைப் பற்றி. அறை முழுக்கக் கேட்டது.

“உங்கட படகு இன்னும் திரும்பேல்லையாம் எண்டு வந்திருக்கு. கொப்பர் எனக்கு முன்னால இருந்து சோறு தின்னுறார். இவர் ஆர் அப்ப?”

சிரித்துக் குப்புற விழுந்தோம். சிரிப்பு அடங்கியதும் தேடினோம். செய்தி அனுப்பும் வரியை நான் எழுதியிருந்தேன், இடம் விட்டு. மேலும் கீழும் யூட்டின் வரிகள், டாப்பில். திரையில் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்றன. ஆனால் டாப்பின் அகலத்தைத் திரை ஒருவிதமாகவும் கணினி இன்னொருவிதமாகவும் அளந்திருந்தது. என் வரி உள்ளே நிற்பதுபோல் காட்டிக்கொண்டு வெளியே நின்றிருக்கிறது. அதனால் கரையில் நின்ற படகுகளுக்கும் செய்தி போய்விட்டது.

நான் தேநீர் வாங்கிக்கொண்டு மேலே வருவதற்குள் யூட் என் கணினியில் உட்கார்ந்து, நான் விட்டிருந்த இடங்களையெல்லாம் அழித்து டாப் ஆக்கிவிட்டிருந்தான்.

“துப்பரவாக்கிப் போட்டன் மச்சான். இனிப் பிழைக்காது.”

எனக்கு ஏறிவிட்டது. கத்தினேன்.

“ஆரைக் கேட்டு என்ர இடத்தை எடுத்தனீ? சொல்லாமக் கொள்ளாம எடுத்துப்போட்டு, இப்ப பிழை என்னிலயோ?”

ஸ்டெலா அக்கா கதிரையைத் திருப்பினா. யூட்டின் முகத்தில் இரத்தம் இல்லை. ஏன் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. மெய்யாகவே விளங்கவில்லை. பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

எனக்குப் பத்து வயதில், மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் ஆயுதம் வைத்திருந்த தமிழ் இயக்கத்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். வீட்டைப் பூட்டாமல் படகேறினோம். புத்தளத்து முகாமில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகுதான் உப்புக்குளத்துக்குத் திரும்பினேன். அந்த அறையில் மற்ற இருவருக்கும் இது தெரியும். யூட்டும் அப்போது சின்னப் பிள்ளை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம். “டேய், நான் ஸ்பேஸைச் சொன்னனான்” என்றிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் யூட் எழும்பி, அழித்ததையெல்லாம் பழையபடி கொண்டுவந்துவிட்டு, “ஸொறி. நீங்கள் சொல்லுற மாதிரியே இடம் விட்டு எழுதுவம்” என்றான். வென்றுவிட்டேன். எனவே தலையைக் குனிந்து, அவர்கள் என் முகத்தில் கண்ட துக்கத்தை அப்படியே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தேநீரையும் ஸ்டெலா அக்காதான் ஊற்றித் தந்தா.

என் உம்மா, கடையில் ஒரு தேங்காய்க்கு விலை பேசும்போதுகூட அந்தப் படகை இழுத்ததில்லை. நான் அதைச் சில வெறும் இடங்களுக்காகச் செலவழித்தேன்.

‘நீங்கள்’ என்றான், கவனித்தீர்களா? நான் கவனிக்க ஒரு கிழமை சென்றது. றபான் போயிற்று, புத்தளத்து உப்பு போயிற்று, ‘மச்சான்’ போயிற்று. நான் எழுதிய மடத்தனங்களைக்கூட யூட் மரியாதையாகத் திருத்தினான். மின்விசிறி எந்நேரமும் என் பக்கமே திரும்பி நின்றது.

அந்த அறை இப்போது இல்லை. கடைக்காரர் அதைக் குழாய் அடுக்க எடுத்துக்கொண்டார். ஸ்டெலா அக்கா மகளோடு கொழும்பில். இன்றைய பெடியளுக்கு டாப்புக்காகச் சண்டை பிடித்தோம் என்று சொன்னால், விறகு அடுப்புக்காகச் சண்டை பிடித்ததுபோல் பார்க்கிறார்கள். அந்தச் சின்னச் செயலி எல்லாரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்திவிட்டது. நல்லதுதான். ஆனால் ஒருவன் என் முகத்துக்கு நேரே ‘உனக்கு விசர்’ என்று திட்டி எத்தனை காலமாயிற்று.

மணலைத் துடைத்த கையோடு யூட்டுக்குப் போன் எடுத்தேன். கீரியில்தான் இருக்கிறான், எங்கள் பெருநாளுக்கும் அவர்களின் நத்தாருக்கும் பலகாரம் போய் வரும்.

“சொல்லுங்கோ. உம்மா சுகமோ?”

எல்லாவற்றையும் சொன்னேன். எழும்பாத விசையை, பொறுக்கிய நியாயங்களை, அன்றைக்கு நான் சொன்னது ஸ்பேஸை மட்டும்தான் என்பதை.

“எங்களுக்கு மனம் நோகக் கூடாதெண்டு சொல்லுறீங்கள்,” என்றான் மெதுவாக. “எனக்கு விளங்குது.”

“இல்லையடா, மெய்யாத்தான்.”

“விடுங்கோ. கேட்காமல் கை வைச்சது எங்கட பிழைதானே.”

வேறு வழி தெரியவில்லை. பழைய குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு சொன்னேன்: “டேய், டாப் அடிக்கிறவன் முழு மடையன்.”

“ஓம்,” என்றான் யூட். “நீங்கள் சொல்லுறது சரிதான்.”